டேங்க் சென்சார்: ஆறாம் மாதம் என்ன ஆகும்?

கேள்வி, 2023 மார்ச் 4

மொட்டைமாடித் தொட்டியில் அல்ட்ராசானிக் சென்சார் மாட்டித் தண்ணீர் மட்டம் பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு வருஷமாவது உழைக்குமா? எல்லோரும் மாட்டிய அன்றைக்கே வீடியோ போட்டுவிடுகிறார்கள். ஆறாம் மாத வீடியோவை ஒருத்தரும் போடக் காணோம். ஆறாம் மாதம் அது தொட்டியிலேயே இருப்பதில்லை என்பது என் சந்தேகம்.

பதில், 2023 மார்ச் 4, இரவு 10.40

நான் மாட்டி எட்டு நாள் ஆகிறது. ஓடுகிறது. ஆறாம் மாதத்தைப் பற்றி ஆறாம் மாதத்தில் எழுதுகிறேன்.

ஊர் கோவை, சிங்காநல்லூர் பக்கம். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. போர் மோட்டார் 1 எச்பி, உப்புத் தண்ணீர். தொட்டி மூடியில் இரண்டு ஓட்டை போட்டு எச்.சி.எஸ்.ஆர்.04 சென்சாரைக் கண் கீழே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். அது 40 கிலோஹெர்ட்ஸில் ஒலியை அனுப்பும், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். கணக்குப் போடுவது ஈ.எஸ்.பி.8266, வைஃபை உள்ள ஒரு சின்ன சிப். அதிலிருந்து ஒரு ரிலே, அதாவது சிப் சொன்னால் ஆன் ஆஃப் ஆகிற சுவிட்ச். மோட்டார் பேனல் பெட்டியின் சுவிட்ச் எப்போதும் ஆனில்தான் இருக்கும், அதற்கு முன்னால் ரிலே உட்கார்ந்திருக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் ஓடும், நிரம்பினால் நிற்கும். பழைய போன் சார்ஜரையும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்த சிஸ்டம் ஒரு தகரம். அப்புச்சி (அம்மாவின் அப்பா) இருந்தபோது போட்டது. வழிகிற குழாய்க்கு நேர் கீழே, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில், செங்கல் மேல் ஒரு துண்டுத் தகரத்தைச் சாய்த்து வைத்திருப்பார். தொட்டி நிரம்பினால் தடதடவென்று அடிக்கும். அடுக்களையில் இருந்து அம்மிச்சி (அம்மாவின் அம்மா) "மோட்டார நிறுத்து கண்ணு" என்பார். முப்பது வருஷமாக அதுதான். போன வாரம் தகரத்தை எடுத்துப் பழைய சாமான்களோடு போட்டுவிட்டேன்.

2023 மார்ச் 5

ஒன்று விட்டுப்போனது. சென்சாரின் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும். ஈ.எஸ்.பி.யின் பின் 3.3 வோல்ட்டுக்கானது. நடுவில் 1 கே, 2 கே என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைக் குறைக்க வேண்டும். முதல் மூன்று நாள் நான் போடவில்லை, சிப் பிழைத்துக்கொண்டது. என்னைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்.

2023 மார்ச் 19

நேற்று இரவு மானம் போனது.

தொட்டி நிரம்பினால் டெலிகிராமில் "தொட்டி நிரம்பியது" என்று செய்தி வரும்படி பாட் ஒன்று எழுதியிருந்தேன். குடும்ப குரூப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்ற பெருமைதான், வேறென்ன. மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும் அல்லவா? 95 சதவீதம், 94, 95, 94. ஒவ்வொரு தடவை 95ஐத் தொடும்போதும் ஒரு செய்தி. நள்ளிரவு தாண்டி யாரோ பாத்ரூம் போய்வந்த பிறகு ஆரம்பித்தது, காலையில் எண்ணினால் 214 செய்திகள். சென்னையில் இருக்கும் மாமா ஐந்தரைக்கே எழுந்துவிடுவார். முதல் செய்திக்குக் கீழே "மகிழ்ச்சி" என்று போட்டிருக்கிறார். கடைசிச் செய்திக்குக் கீழே "போதும்".

95ல் நிரம்பியது என்று ஒருமுறை சொன்னால், 85க்குக் கீழே இறங்கி மறுபடி ஏறினால்தான் அடுத்த செய்தி என்று மாற்றிவிட்டேன். வகுப்பில் ஹிஸ்டரிசிஸ் என்று இதே படத்தை வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் செய்யும்போது ஞாபகம் வரவில்லை.

2023 ஏப்ரல் 7

மதியம் 12 முதல் 3 வரை அளவு கன்னாபின்னாவென்று குதிக்கிறது. 60 சதவீதம் இருக்கும்போது 100 என்கிறது, பிறகு 25 என்கிறது. காரணம் வெயில். கறுப்புத் தொட்டி, உள்ளே காற்று சூடாகிறது, சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் தூரம் தப்பாக வருகிறது. உள்ளே ஒரு வெப்பமானி வைத்துத் திருத்தப் போகிறேன். கேள்வி கேட்டவர் குறித்துக்கொள்ளவும்: கறுப்புத் தொட்டிக்கு அல்ட்ராசானிக் ஆகாது.

2023 ஏப்ரல் 9

7ஆம் தேதி எழுதியது தப்பு. கீழே கருத்துப் பகுதியில் சேலத்துக்காரர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் விழுந்துவிட்டது: "எத்தனை சென்டிமீட்டர் தப்பு வரும் என்று கணக்குப் போட்டீர்களா?" போடவில்லை. இப்போது போட்டேன். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.6 மீட்டர் கூடும். மூடிக்குக் கீழே 45 டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும் 358தான். வித்தியாசம் நாலரை சதவீதம்கூட இல்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு நாலு சென்டிமீட்டர் சொச்சம். என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் எட்டரை லிட்டர், ஆக இரண்டு பக்கெட் தண்ணீர் முன்பின் இருக்கும். அறுபது நூறாகிக் குதிப்பதற்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

வெப்பமானி ஆர்டர் போட்டாகிவிட்டது. வந்து என்ன செய்யப்போகிறதோ.

2023 ஏப்ரல் 10

"குழாய்த் தண்ணீர் சென்சாருக்கு நேராக விழுகிறதா பாருங்கள்" என்று திருப்பூர்க்காரர் சொன்னார். விழுகிறது. சென்சாரின் ஒலி நூல் பிடித்த மாதிரி நேராக இறங்குவதில்லை, 15 டிகிரிக்கு விரியும். விழுகிற தாரையில் பட்டுத் திரும்பினால் தண்ணீர் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். மூடியைச் சுற்றித் திருப்பி வைத்தேன். மோட்டார் ஓடும்போது இருந்த குதிப்பு போய்விட்டது. மதியக் குதிப்பு அப்படியே இருக்கிறது.

2023 ஏப்ரல் 23

பல்லி.

விவரமாகச் சொல்கிறேன். இன்று ஞாயிறு. பன்னிரண்டரைக்கு மொபைலில் 100 சதவீதம் காட்டியது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மாடிக்கு ஓடி, மூடியைத் தூக்காமல் ஓரத்தை மட்டும் நெம்பி டார்ச் அடித்தேன். சென்சாரின் இரண்டு கண்களில் ஒன்றின் மேல் தலைகீழாக ஒரு பல்லி, வால் அடுத்த கண் மேல். வெயிலுக்கு நிழல் தேடி வந்திருக்கிறது. அதன் தொண்டை துடிப்பது தெரிந்தது. திரையில் 3 சென்டிமீட்டர், 2, 3. சென்சார் பொய் சொல்லவில்லை. மூன்று சென்டிமீட்டரில் ஒரு ஆள் இருக்கிறார் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அது நகர்ந்து ஒரு கண்ணை விட்டதும் 25 சதவீதம், முழுசாகப் போனதும் 4 சதவீதம். இத்தனை நேரம் மோட்டார் ஓடாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். அதற்குத் தொட்டி நிரம்பி வழிகிறது என்ற நினைப்பு.

அம்மிச்சியிடம் சொன்னேன். "பல்லி விழுந்த தண்ணியா?" என்றுதான் முதல் கேள்வி. விழவில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தொட்டியைக் காலி செய்து கழுவ வைத்துவிட்டார். தொட்டிக்குள் இறங்கித் தேய்க்க ஒன்றரை மணிநேரம்.

மூடி ஓட்டையைச் சுற்றிக் கொசுவலை ஒட்டியாகிவிட்டது. கூடவே, 10 சென்டிமீட்டருக்குக் கீழே வருகிற எந்த அளவையும் நம்பாதே என்று புரோகிராம் கோடில் ஒரு வரி. அந்த மாறிக்குப் பெயர் "பல்லி".

2023 மே 2

வெப்பமானி வந்தது. ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறேன். தோசை மாவு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று இப்போது மொபைலில் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை.

2023 ஜூன் 11

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். வீடு பூட்டியிருந்தது. ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "என்ன தம்பி, ரெண்டு மணியில இருந்து தண்ணி ஊத்திட்டே இருக்குது, எங்க வாசல் வரைக்கும் வந்துருச்சு." மொபைலில் பார்த்தால் கருவி ஆஃப்லைன். எங்கள் மெயின் சுவிட்ச் வெளியே மீட்டர் பெட்டிப் பக்கத்தில் இருக்கிறது. அதை அணைக்கச் சொன்னேன், அவர் ஏணி போட்டு அணைத்தார். மோட்டார் நின்றது. ஃபிரிட்ஜும் நின்றது. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளி, கீழ்த்தட்டுக் காய்கறி மேலெல்லாம் வழிந்திருந்தது.

மூன்றரை மணி நேரம். எங்கள் மோட்டாருக்குக் காலித் தொட்டியை நிரப்ப 47 நிமிஷம் போதும். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மோசம்.

2023 ஜூன் 12

காரணம் தெரிந்துவிட்டது, முழுக்க என் தப்புதான்.

என் ரிலே போர்டு, சிப்பின் பின் லோவில் (பூஜ்ய வோல்ட்டில்) இருந்தால் ஆன் ஆகிற ரகம். கரண்ட் வந்ததும் ஒருமுறை ஓடுகிற செட்டப் பகுதியில் முதல் வரி அந்தப் பின்னை அவுட்புட் ஆக்குகிறது. அவுட்புட் ஆன உடனே அது லோவில்தான் நிற்கும், அதாவது மோட்டார் ஆன். "ஹையாக்கு, மோட்டாரை நிறுத்து" என்ற வரி நாலு வரி தள்ளி இருக்கிறது. நடுவில் என்ன? வைஃபை கிடைக்கும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிரு என்கிற வரிகள்.

கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிஷம் ஆகும், அந்த இரண்டு நிமிஷம் மோட்டார் சும்மா ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக யாரும் கவனிக்கவில்லை. நேற்று கரண்ட் வந்த வேகத்தில் ரவுட்டரின் அடாப்டர் போய்விட்டது. வைஃபை வரவே இல்லை. அது சுற்றிக்கொண்டே இருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

இப்போது ஹையாக்கும் வரி, அவுட்புட் ஆக்கும் வரிக்கும் முன்னால் போய்விட்டது. வைஃபை கிடைக்காவிட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும், டெலிகிராம் மட்டும் வராது. மாமா பொறுத்துக்கொள்வார்.

"தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இன்டர்நெட் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில் இல்லை.

2023 ஜூன் 14

ஃப்ளோட் போடு, ஃப்ளோட் போடு என்று ஆறு பேர் சொல்லிவிட்டீர்கள். இதற்கு முன்பே போட்டிருந்தோம். உப்புத் தண்ணீரில் ஏழு மாதம் தாங்கியது. மிதவை ஏறி இறங்குகிற தண்டில் வெள்ளையாக உப்பு படிந்து, சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஒருநாள் மிதவை பாதியில் மாட்டிக்கொண்டது. உங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். தகரம் மறுபடி சந்தில் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

2023 ஆகஸ்ட் 6

மோட்டார் நிற்கவில்லை. இந்த முறை கோடு சரி. பின்னில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், ரிலே ஆஃப் என்றுதான் சொல்கிறது, சின்ன எல்இடியும் அணைந்திருக்கிறது. ஆனால் மோட்டார் ஓடுகிறது. தகரம்தான் முதலில் சொன்னது.

நீல ரிலேயைக் கழற்றி ஆக்சா பிளேடால் மூடியை அறுத்தேன். உள்ளே கடுகளவில் இரண்டு வெள்ளிப் புள்ளிகள், இரண்டும் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்க்ரூடிரைவர் நுனியை நடுவில் விட்டு லேசாகத் திருப்பியதும் 'டிக்' என்று பிரிந்தது. ஒரு புள்ளியில் பள்ளம், எதிர்ப் புள்ளியில் அதே அளவுக்கு மேடு.

அதைத் தெருமுனை வைண்டிங் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர், தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை உண்டு. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன ரேட்டிங் போட்டிருக்கான்?" "பத்து ஆம்பியர்ங்கண்ணா. மோட்டார் ஏழுதான் இழுக்குது." சிரித்தார். "ஏழு ஓடறப்பங்க தம்பி. கெளம்பறப்ப? நாலு மடங்கு, அஞ்சு மடங்கு இழுத்துட்டுத்தான் சுத்தவே ஆரம்பிக்கும். அந்தப் பத்து ஆம்பியர் பல்பு போடறதுக்கு." பழைய பேனலில் இருந்து கழற்றிய ஒரு காண்டாக்டரை, அதாவது மோட்டாருக்கென்றே செய்த பெரிய ரிலேயை, எடுத்துக் கொடுத்தார். காசு கேட்டால் "ஓடுனா குடு" என்றார்.

இப்போது ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குகிறது, மோட்டார் கரண்ட் முழுக்கக் காண்டாக்டர் வழியாகப் போகிறது. இழுக்கும்போது வீட்டுக்கே கேட்கிற மாதிரி 'டங்' என்று ஒரு அடி. அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது. மோட்டார் போட்டாச்சு என்று மொபைலைப் பார்க்காமலே தெரிகிறதாம்.

மார்ச் 4ல் நான் சொன்ன வயரிங்கை யாராவது அப்படியே செய்திருந்தால், இன்றே மாற்றுங்கள். 230 வோல்ட் விஷயம். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

2023 ஆகஸ்ட் 27

ஆறாம் மாதம் ஆயிற்று. சொன்னபடி எழுதுகிறேன்.

சென்சார் போய்விட்டது.

கேள்வி கேட்டவர் ஜெயித்தார். கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கிறது, கண்ணின் உள்வலைக்குள் துரு. எச்.சி.எஸ்.ஆர்.04 திறந்த மேனி ஐயா, அதைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டால் ஆவி சும்மா விடுமா? காலையில் மூடியின் அடிப்பக்கத்தைத் தொட்டால் முத்து முத்தாக வேர்த்திருக்கும். முதல் நாளே இதை யோசித்திருக்க வேண்டும். வெயில், காற்றின் வேகம் என்று பெரிய காரணங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கார் பின்பக்க சென்சார் மாதிரி ஒரே கண்ணோடு, வயர் நீளமாக வருகிற வாட்டர்ப்ரூஃப் ரகம் ஒன்று இருக்கிறது. ஜே.எஸ்.என்.எஸ்.ஆர்.04டி. வாங்கியிருக்கிறேன்.

2023 செப்டம்பர் 3

வாட்டர்ப்ரூஃப் சென்சாருக்கு ஒரு குறை: மூக்குக்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. என்னுடையது 20 சென்டிமீட்டருக்குள் எது வந்தாலும் உளறுகிறது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் வந்துவிடும் அல்லவா? அதாவது எப்போது சரியாகச் சொல்ல வேண்டுமோ அப்போதுதான் உளறும். மூடி மேல் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை அடி வெட்டிக் கவிழ்த்து, அதன் உச்சியில் சென்சாரை வைத்தேன். முதலில் குழாய்த் துண்டில் செய்து பார்த்தேன், ஒலி குழாய்ச் சுவரிலேயே பட்டுத் திரும்பிவிட்டது. டப்பா அகலம் போதுமானதாக இருக்கிறது. பார்க்கத் தொட்டி தொப்பி போட்ட மாதிரி இருக்கிறது.

2023 அக்டோபர் 15

பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் வைஃபையில் கேம் விளையாடுகிறான் என்று தெரிந்து கடவுச்சொல்லை மாற்றினேன். மொபைல்களில் மாற்றினேன், டிவியில் மாற்றினேன், அம்மாவின் டேப்லெட்டில் மாற்றினேன். தொட்டியை மறந்துவிட்டேன். கடவுச்சொல் கோடுக்குள்ளேயே எழுதியிருப்பதால் லேப்டாப்பை மேலே கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. மாடிப்படி வழியாக இரண்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து, மதிய வெயிலில் திரை தெரியாமல் அம்மிச்சியின் குடையைப் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கத்தில் குந்தியிருந்தேன். எதிர் மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி கோடை வைஃபை வழியாகவே ஏற்றுகிற மாதிரி செய்துவிட்டேன். அதைச் செய்து முடித்த பிறகுதான் உறைத்தது: கடவுச்சொல் மாறினால் வைஃபையே கிடைக்காது, பிறகு எப்படி வைஃபை வழியாக ஏற்றுவது? குடை மாடிப்படியிலேயே இருக்கிறது.

2023 நவம்பர் 9

மழை. தகரம் ராத்திரி முழுக்க அடிக்கிறது. அம்மிச்சி மூன்று தடவை என்னை எழுப்பினார். மூன்று தடவையும் மொபைலைக் காட்டி "62 சதவீதம்தான் அம்மிச்சி, இது மழை" என்றேன். இந்த ஆட்டத்தில் என் பக்கம் கிடைத்த முதல் புள்ளி.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. ஐந்து மாதமாக எழுத ஒன்றும் இல்லை, டப்பாத் தொப்பி நன்றாக ஓடுகிறது. இப்போது வேறு தலைவலி.

போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. நேற்று மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் ஏறவே இல்லை. வெறும் காற்றை இழுத்துக்கொண்டு 50 நிமிஷம் ஓடியிருக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீரில் நின்றுதான் சூடு ஆறும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகும். வைண்டிங் கடை அண்ணன் "கோடையில என்கிட்ட வர்றதுல பாதி இப்படித்தான்" என்றார். போரில் இருந்து மோட்டாரைத் தூக்க, திரும்ப இறக்க, வைண்டிங் கட்ட என்று அவர் சொன்ன கணக்கைக் கேட்டால் வழிந்து போன தண்ணீரெல்லாம் ஒரு நஷ்டமே இல்லை. ஒரு வருஷமாக நாம் இங்கே வழிவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைக்கு: 10 நிமிஷத்தில் மட்டம் 5 சென்டிமீட்டராவது ஏறாவிட்டால் நிறுத்து. எவ்வளவு குறைவாக இருந்தாலும் 60 நிமிஷத்துக்கு மேல் ஓடாதே. இந்த இரண்டாவது வரி முதல் நாளே இருந்திருந்தால் ஜூன் 11ம் இல்லை, ஆகஸ்ட் 6ம் இல்லை.

2024 ஏப்ரல் 15

சேலத்துக்காரர் திருத்துகிறார்: ஆகஸ்ட் 6ஐ அந்த வரி தடுத்திருக்காது, ரிலே ஒட்டிக்கொண்டால் கோடு என்ன சொன்னாலும் ஒன்றுதான். சரி. அது மட்டுமல்ல, நேற்று நான் எழுதியதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வைஃபைக்காகச் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அந்த 60 நிமிஷ வரியும் ஓடியிருக்காது. ஜூன் 11ம் அப்படியே நடந்திருக்கும். வாபஸ்.

2024 ஏப்ரல் 28

மட்டம் ஏறுகிறதா என்று பத்து நிமிஷம் காத்திருப்பதைவிட மோட்டார் இழுக்கும் கரண்ட்டைப் பார்த்தால் உடனே தெரியும். தண்ணீரைத் தள்ளும்போது அதிகம் இழுக்கும், காற்றில் சுற்றினால் குறையும். அதற்காக வயரை அறுக்காமல் சுற்றிப் பிடிக்கிற சிடி கிளாம்ப் ஒன்று வாங்கினேன். மாட்டினேன். பூஜ்யம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் கொட்டுகிறது, கரண்ட் பூஜ்யம். கெட்டுப்போனதை அனுப்பிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பப் பெட்டிகூடக் கட்டிவிட்டேன்.

கடைக்குப் போய் அண்ணனிடம் புலம்பினேன். "எப்படி மாட்டுன?" கேபிளைச் சுற்றித்தான். "முழுக் கேபிளையுமா?" அப்போதே புரிந்துவிட்டது. போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒரே வளையத்துக்குள் இருந்தால் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அடித்துவிடும், கூட்டினால் பூஜ்யம். ஒரே ஒரு வயரை மட்டும்தான் பிடிக்க வேண்டும். ஈசிஈ மூன்றாம் வருஷம் படிக்கிறேன் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை, இனியும் சொல்வதாக இல்லை.

ஒரு வயரை மட்டும் பிடித்ததும்: தண்ணீர் வரும்போது 6.9 ஆம்பியர், வராதபோது 4.3. ஐந்துக்குக் கீழே அரை நிமிஷம் நின்றால் அணை, இரண்டு மணிநேரம் போர் ஊற விடு. காண்டாக்டருக்கான காசையும் கொடுத்துவிட்டேன். ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று.

2024 மே 19

கேள்வி கேட்டவர் ஒரு வருஷம் கழித்து வந்து எழுதியிருக்கிறார்: இதையெல்லாம் படித்துவிட்டு ஃப்ளோட் போட்டுவிட்டாராம், அவர்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர். நல்லது. நாலு மாதத்துக்கு ஒருமுறை தண்டைத் துடைத்துவிடுங்கள். சென்சார் ஒரு வருஷம் உழைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு: முதலாவது ஆறு மாதம், இரண்டாவது இதுவரை எட்டரை மாதம், ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றபடி போனவை ஒரு அடாப்டர், ஒரு ரிலே, ஒரு பாத்திரம் தோசை மாவு.

2024 ஜூன் 2, இரவு 11.10

தகரம் அடிக்கிறது. மழை இல்லை. மொபைலில் 71 சதவீதம், மோட்டார் ஆஃப், கரண்ட் பூஜ்யம். அம்மிச்சி கதவைத் தட்டியாயிற்று. மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

2024 ஜூன் 2, இரவு 11.35

எங்கள் தொட்டி 71 சதவீதத்தில்தான் இருக்கிறது. வழிந்தது பக்கத்து வீட்டுத் தொட்டி. போன வாரம் குழாய் மாற்றினார்களாம், புதுக் குழாய் சந்துக்குள் நீட்டி நேராக எங்கள் தகரத்தில் ஊற்றுகிறது. அக்கா தூக்கக் கலக்கத்தில் வந்து மோட்டாரை நிறுத்திவிட்டு, "உன்னுது மாதிரி எங்களுக்கும் ஒண்ணு மாட்டித் தர்றியா தம்பி?" என்றார். போன ஜூனில் ஏணி போட்டு மெயினை அணைத்தவர், இல்லை என்று சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

வாட்டர்ப்ரூஃப் சென்சார் ஒன்று, சிடி ஒன்று ஆர்டர் போட்டாயிற்று. காண்டாக்டர் அண்ணன் கடையில். அவர்கள் வீட்டில் பெயின்ட் டப்பா இருக்கிறதா என்று காலையில் கேட்க வேண்டும்.